காலைக் கதிரும் புகை துறப்போரும்

புகை பிடிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டுமென்று ஒருமுறையேனும் எண்ணாத புகைபிடிப்போர் நம்மிடையே அரியர். எண்ணுவோர் பலர், முயல்வோர் சிலர், முயன்று இறுதிவரை நிலைத்து நிற்போர் அவர்களிலும் சிலரே. மனோதிடம் இல்லாமையே இதற்குக் காரணமென்று கூறிவிட்டு அப்பாற் செல்வது எளிது. அது பாதி உண்மையே. வழக்கத்தை விடுபவன் எந்த வேளையில் தோற்கிறான் என்பதை அறிந்து, அந்த வேளைக்கு ஒரு மாற்றை முன்னரே ஆயத்தம் செய்து வைக்காமையே மற்றப் பாதி. அந்த வேளை விடியற்காலை. அந்த மாற்று, காசு கொடாமற் கிடைக்கும் காலை வெயிலில் அரைமணி நேரம் நடத்தல். புகையை விட விரும்பும் ஒவ்வோர் அங்கத்தினரும் இதனைக் கைக்கொள்ள வேண்டும். கைக்கொள்வோர்க்குச் சங்கம் துணை நிற்க வேண்டும் என்பதே எமது கருத்து.

நூல் விலையும், கடன் வரம்பும், விளைபொருள் விற்பனையும் பேசப்படும் இவ்வேட்டில் பீடியையும் வெயிலையும் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். சங்கத்தின் மூலதனம் பங்குத் தொகை மட்டுமன்று. தறியில் அமரும் கையும், ஏர் பிடிக்கும் தோளும், நாள் முழுதும் உழைப்பதற்குரிய மூச்சுமே அதன் முதன்மையான மூலதனம். அந்த மூச்சு குறைந்தால் துணி குறையும், மகசூல் குறையும், கடன் தவணை தவறும். தவணை தவறிய கணக்குகளைப் புரட்டிப் பார்க்கும் அலுவலில் இருக்கும் நமக்கு, அவற்றுட் சிலவற்றின் பின்னே இருமலும் மூச்சிரைப்பும் ஆஸ்பத்திரிச் செலவும் மறைந்திருப்பது தெரியாததன்று.

2016-17-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் எடுக்கப்பெற்ற புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வயது வந்தோருள் நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவது தெரிய வந்தது. அவர்களுள் புகைப்போர் மட்டும் நூற்றுக்கு 10.7 பேர். சிகரெட் புகைப்போர் 4 பேர் என்றால், பீடி புகைப்போர் 7.7 பேர். உழைப்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் பீடியே என்பதை இக்கணக்கு காட்டுகிறது. பீடி சிறியது, இலையாற் சுற்றியது, ஆதலால் தீங்கு குறைந்தது என்ற எண்ணம் நம்மவரிடையே பரவலாக உள்ளது. அது தவறு. பீடி இலையில் காற்று எளிதிற் புகாது. பீடி அணையாதிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் தாரும், நிகோடினும், கரியமில நச்சு வாயுவாகிய கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைக் காட்டிலும் மிகுதியாகவே உட்செல்கின்றன.

முதற் பீடியின் வலிமை

புகையை இழுத்த பத்து இருபது வினாடிகளுக்குள் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அதன் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைகிறது. இரவு பத்து மணிக்குக் கடைசிப் பீடியைப் புகைத்து உறங்கச் சென்றவனின் இரத்தத்தில், காலை ஆறு மணிக்கு ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். ஆகவே விழித்தெழும் வேளையில்தான் உடல் அந்த நஞ்சை மிகக் கடுமையாகக் கேட்கிறது. அன்றைய நாளின் முதற் பீடி ‘சுகமாக’ இருப்பதன் இரகசியம் இதுவே. புகை புதிதாக ஒரு சுகத்தைத் தரவில்லை. தானே உண்டாக்கிய வேதனையைத் தானே தணிக்கிறது. வட்டிக்குக் கடன் கொடுத்தவன் அந்த வட்டியைக் கட்டுவதற்கே மேலும் கடன் கொடுப்பது போன்றது இது. கூட்டுறவாளர்களுக்கு இவ்வுவமையை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

ஒருவர் புகைக்கு எவ்வளவு அடிமைப்பட்டுள்ளார் என்பதை அளக்கச் சுவீடன் நாட்டு உளவியலறிஞர் ஃபாகர்ஸ்ட்ராம் வகுத்த வினாப்பட்டியல் உலகெங்கும் வழக்கில் உள்ளது. 1991-இல் திருத்தியமைக்கப்பெற்ற அப்பட்டியலில் ஆறே வினாக்கள். அவற்றுள் முதல் வினா, நாளொன்றுக்கு எத்தனை புகைக்கிறீர் என்பதன்று. துயிலெழுந்து எத்தனை நிமிடத்திற்குள் முதற் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர் என்பதே. ஐந்து நிமிடத்திற்குள் என்பார்க்கு அடிமைத்தனம் மிகக் கடுமை. அரைமணிக்குள் என்பார்க்கு அதற்கு அடுத்த நிலை. விழித்தபின் வரும் முதல் அரைமணியே போர்க்களம் என்பது இதனாற் புலனாகும்.

அக்களத்தில் நம் அங்கத்தினர் எவ்வாறு நிற்கிறார்? விடியுமுன் எழுகிறார். திண்ணையிலோ, புழக்கடையிலோ, தேநீர்க் கடைப் பலகையிலோ அமர்கிறார். கையில் வேலை இல்லை. எதிரே வெளிச்சம் இல்லை. பக்கத்தில் இருப்பவர் தீப்பெட்டியை உரசுகிறார். “இன்று முதல் பீடி வேண்டாம்” என்று முந்தைய இரவு செய்துகொண்ட உறுதி, தேநீர் ஆறுமுன்னே ஆறிவிடுகிறது. அதே வேளையில் அவர் ஏரிக்கரையிலோ, வயல்வெளிப் பாதையிலோ கைவீசி நடந்துகொண்டிருந்தால் அங்கே பலகையும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. தவிப்பு வரும், ஆயினும் ஒருமுறை எழும் தவிப்பு சில நிமிடங்களே நீடித்துத் தானே தணியும் இயல்புடையது. அந்தச் சில நிமிடங்களைக் காலால் நடந்து கடந்துவிடலாம்.

காலை ஒளி செய்வது யாது?

நம் உடலில் ஒரு கடிகாரம் உண்டு. உறக்கம், விழிப்பு, பசி, உடற்சூடு ஆகிய யாவும் அதன்படி நடைபெறுகின்றன. உயிரணுக்களுக்குள்ளே அக்கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இக்கடிகாரத்தை நாள்தோறும் சரிப்படுத்துவது ஒளி. கண்ணின் உட்திரையில் பார்வைக்கு உதவும் உயிரணுக்களேயன்றி, பொழுதை மூளைக்கு அறிவிப்பதற்கென்றே தனிவகை உயிரணுக்களும் உள்ளன என்பது 2002-இல் தெளிவாயிற்று. காலையில் அவற்றின்மீது நல்ல ஒளி படுமாயின், மூளையில் இரவு நேரத்திற் சுரக்கும் மெலடோனின் அடங்குகிறது, விழிப்புத் தெளிகிறது, அன்றிரவு உறக்கமும் உரிய வேளையில் வருகிறது.

புகை துறப்போர்க்கு இது ஏன் முக்கியமாகிறது? புகையை நிறுத்தியவுடன் வரும் தொல்லைகளை எண்ணிப் பாருங்கள்: எரிச்சல், அமைதியின்மை, மனச்சோர்வு, பசி மிகுதி, மலச்சிக்கல், உறக்கக் கேடு. இவை முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களிற் படிப்படியாகத் தணிகின்றன. உறக்கம் கெட்டவனுக்குப் பொறுமை குறையும். பொறுமை குறைந்தவன் கை பீடியைத் தேடும். காலை ஒளி பீடியின் மீதுள்ள ஆசையை அறுத்துவிடும் என்று நாம் கூறவில்லை. அது உறக்கத்தை ஒழுங்கு செய்யும். ஒழுங்கான உறக்கம் அந்த நான்கு வாரங்களைத் தாங்கும் வலிமையைத் தரும்.

மனச்சோர்வைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் அளவுள்ள ஒளிவிளக்கின் முன் அமர்வது மனச்சோர்வு நோயைத் தணிக்க உதவுகிறது என்பதைக் கனடா நாட்டில் நடைபெற்று 2016-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு. வீட்டினுள் விளக்கொளி சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. சூரியன் சற்று மேலேறிய பின் திறந்த வெளியிலோ பல்லாயிரம் லக்ஸ். குளிர் நாடுகளில் விலை கொடுத்து வாங்கும் ஒளி நம் தெருவாயிலில் நாள்தோறும் வந்து நிற்கிறது. நாம்தான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அமர்ந்திருக்கிறோம்.

ஒளியோடு நடையும் சேரும்போது பயன் கூடுகிறது. சில நிமிடங்கள் விரைந்து நடந்தாலே நடக்கும்போதும், நடந்து முடித்துச் சிறிது நேரம் வரையிலும் புகைக்கும் ஆசை குறைகிறது என்பது பல சோதனைகளிற் காணப்பெற்ற உண்மை.

செய்யாதது யாது?

ஒரு பொருளின் பயனைக் கூறுவோர் அதன் எல்லையையும் கூறுதல் கடமையாகும். நடைப்பயிற்சி அந்தந்த வேளையின் தவிப்பைத் தணிக்கிறதேயன்றி, அது மட்டுமே ஆண்டுக்கணக்கில் ஒருவரைப் புகையிலிருந்து விலக்கி நிறுத்தும் என்பது ஆராய்ச்சிகளால் நிறுவப்படவில்லை. காலை வெயிலுக்கும் இது பொருந்தும். சான்று தேடித் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. நம் அங்கத்தினருள் விவசாயிகள் விடிந்தது முதல் அடையும் வரை வெயிலிலேயே நிற்கின்றனர். எனினும் வரப்பில் அமர்ந்து பீடி புகைப்போர் அவர்களிடையே உண்டு. வெயில் தானே புகையைத் துரத்துமாயின் உழவர் தெருவில் பீடி விற்குமா? வெயில் துணை, உறுதியும் முறையான உதவியுமே தலைமை.

வைட்டமின் ‘டி’ பற்றியும் ஒரு தவறான கருத்து பரவியுள்ளது. விடியற்காலை இளவெயிலில் நின்றால் அது நிறையக் கிடைக்கும் என்று பலர் நம்புகின்றனர். தோலில் வைட்டமின் ‘டி’ உண்டாவதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர், சூரியன் தாழ்ந்திருக்கும்போது நம்மை மிகச் சிறிதளவே எட்டுகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையில்தான் அது போதிய அளவில் வருகிறது. புகைப்போர் உடலில் இச்சத்து குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுவதால், அவர்கள் முற்பகலில் சிறிது நேரம் கை கால்களில் வெயில் படும்படி இருத்தல் நன்று. ஆனால் அது வேறு பயன். காலை நடையின் பயன் வேறு. காலை ஒளி கண்வழியே மூளைக்குச் செல்வது. வைட்டமின் தோல்வழியே உண்டாவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளல் ஆகாது.

வெயிலே மருந்து என்று உலகம் நம்பிய காலமும் ஒன்று இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபின்சன், தோலைப் பற்றும் காசநோயை ஒளியினாற் குணப்படுத்தியமைக்காக 1903-இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லெசான் மலையூரில் ரோலியே என்னும் வைத்தியர் காசநோயாளரை வெயிலிற் கிடத்திச் சிகிச்சை செய்யும் நிலையத்தைத் தொடங்கினார். பின்னர் 1944-இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து வெளியாயிற்று. அதன்பின் நம் சென்னை நகரிலேயே ஒரு பெரும் சோதனை நடைபெற்றது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளரில் ஒரு சாராரை நல்ல காற்றும் ஓய்வும் உணவும் உள்ள சானடோரியத்திலும், மற்றொரு சாராரை அவர்தம் எளிய வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவிற் குணமடைந்தனர். நோயைத் தீர்த்தது முறையாக உண்ட மருந்தே என்பதை உலகம் சென்னையிலிருந்து கற்றுக்கொண்டது.

அந்தப் பாடம் இங்கும் பொருந்தும். புகையை விடுவதற்கு நிறுவப்பெற்ற உதவிகள் உள்ளன. நிகோடின் அடங்கிய மெல்லும் பசை, வைத்தியர் எழுதித் தரும் மாத்திரைகள், பயிற்சி பெற்றோரின் அறிவுரை ஆகியன அவை. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் புகையிலைப் பொதிகளின் மீதே அச்சிடப்படுகிறது. அழைப்போர்க்கு ஆலோசனை கிடைக்கும். இவற்றைத் தள்ளிவிட்டு வெயிலை மட்டும் நம்புமாறு நாம் ஒருபோதும் கூறமாட்டோம். இவற்றோடு வெயிலையும் சேர்த்துக்கொள்க என்பதே எமது வேண்டுகோள்.

தறிக்குழியும் தெருவும்

விவசாயிக்கு வெயில் வாய்த்திருக்கிறது. நெசவாளிக்கோ அதுவும் அரிதாகிவிட்டது. முற்காலத்தில் நெசவாளர் தெருக்களில் பொழுது புலருமுன்னே பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறி நூல் முறுகிவிடுவதற்குள் உலர்த்தி எடுப்பது வழக்கம். இருபுறமும் ஆடவரும் பெண்டிரும் நடந்துகொண்டே இழை பார்ப்பர். தொழிலே அவர்களை நாள்தோறும் காலை ஒளியில் நடக்க வைத்தது. எவரும் அதனை உடற்பயிற்சி என்று கருதவில்லை. இன்று பல ஊர்களில் ஆயத்தமான பாவே தறிக்கு வந்துவிடுகிறது. தெருவில் வண்டிகளும் மிகுந்துவிட்டன. தெருப்பாவு குறைந்ததோடு காலை வெயிலும் குறைந்தது. நீண்டு குறுகிய வீட்டின் நடுக்கட்டில், குழித்தறியில் இடுப்பளவு இறங்கி அமர்பவர், பொழுது உச்சிக்கு ஏறும்வரை சூரியனைக் காணாமலே இருந்துவிடுகிறார். மனம் சோர்கிறது, சோர்வுக்குப் பீடி, பீடிக்குத் தேநீர், தேநீருக்கு மீண்டும் பீடி என்று நாள் கழிகிறது.

தொழிலில் வந்த நல்ல மாற்றத்தைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. தெருப்பாவின் உழைப்பு கடுமையானது. அது குறைந்தது நன்றே. ஆயின் அதனோடு சேர்ந்து போன காலை நடையை நாமே முயன்று மீட்டுக்கொள்ள வேண்டும்.

“அரைமணி நேரம் நடந்தால் அரைமணிக் கூலி போகுமே” என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்குப் பதினைந்து பீடி புகைப்பதாகவும், ஒவ்வொன்றிற்கும் தறியை விட்டெழுந்து ஐந்து நிமிடம் செலவிடுவதாகவும் கொள்வோம். ஆகமொத்தம் 75 நிமிடங்கள். அரைமணி நடந்தபின்னும் முக்கால் மணி நேரம் அவருக்கு மிச்சம். பணக்கணக்கும் அவ்வாறே. பீடிக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 600 ரூபாய். ஆண்டொன்றுக்கு 7,300 ரூபாய்.

கைக்கொள்ளும் முறை

முதலாவதாக, நாள் குறித்தல். நெசவாளர்க்கு ஒரு பாவு முடிந்து மறு பாவு பிணைக்கும் இடைநாள் ஏற்றது. விவசாயிகளுக்கு அறுவடை முடிந்து கதிர் களத்தைவிட்டு வீடு சேர்ந்தபின் வரும் ஓய்வு நாள் ஏற்றது. வேலை நெருக்கடியும் கடன் கவலையும் உச்சத்தில் இருக்கும் வாரத்தைத் தவிர்த்தல் நன்று.

இரண்டாவதாக, புறப்படுதல். நம் நாட்டுப் பகுதிகளில் சூரியோதயம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய காலை 5-45 மணிக்கும் 6-45 மணிக்கும் இடையே அமைகிறது. உதயமான சிறிது நேரத்திற்குள் வெளியே வந்துவிட வேண்டும். எழுந்ததும் முகம் கழுவி, தண்ணீர் அருந்தி, தேநீர்க் கடைக்குப் போகுமுன் நடைக்குப் போக வேண்டும். இவ்வரிசை மாறக்கூடாது. கடை முன்னும் நடை பின்னுமாயின் நடை நடவாது. சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் சுடத் தொடங்குமுன் திரும்பிவிடலாம். மழை மூட்டமுள்ள நாளிலும் வெளியிலுள்ள ஒளி வீட்டொளியினும் மிகுதியாதலின், மேகத்தைக் காரணம் காட்டி நிற்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, எச்சரிக்கை. சூரியனை நேருக்கு நேர் உற்று நோக்குதல் கூடாது. அது கண்ணின் உட்திரையைச் சுட்டுவிடும். திறந்த வெளியில் இருந்தாலே போதும்; ஒளி தானே கண்ணை வந்தடையும். நடக்கும்போது மார்பில் வலியோ மிகுந்த மூச்சிரைப்போ தோன்றுமாயின் உடனே நின்று வைத்தியரைக் காண வேண்டும். கண் நோய்க்கோ மன நோய்க்கோ மருந்து உண்போரும் முன்னதாக வைத்தியரைக் கலந்துகொள்வது முறை. இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலோ, சளியில் இரத்தமோ காணப்பட்டால் வெயிலையும் நடையையும் நம்பிக் காலம் தாழ்த்தாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று காசநோய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

நான்காவதாக, தேநீர், காப்பியைக் குறைத்தல். இது பலர் அறியாத செய்தி. புகையிலைப் புகை, காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் என்னும் சத்தைக் கல்லீரல் விரைந்து அழிக்கும்படி தூண்டுகிறது. புகையை நிறுத்தினால் அத்தூண்டுதல் நின்றுவிடுகிறது. முன்போலவே காப்பி அருந்தினால் அதன் அளவு இரத்தத்தில் ஏறக்குறைய இருமடங்காகத் தங்கும். கை நடுக்கமும், படபடப்பும், உறக்கமின்மையும் அதனால் வரலாம். அவற்றைப் புகை விட்டதன் கேடு என்று தவறாக எண்ணி மீண்டும் பீடியைத் தொடுவோர் உண்டு. ஆகவே புகையை விடும்போது காப்பி, தேநீரைப் பாதியாகக் குறைத்து, பிற்பகலுக்குப் பின் அருந்தாதிருத்தல் நலம். காலையில் ஒளி, மாலையில் காப்பியின்மை என்ற இவ்விரண்டும் இரவு உறக்கத்தின் இரு தூண்கள்.

ஐந்தாவதாக, வீட்டினுள் ஒளி. தறி இருக்கும் இடத்திற்கு மேலே கூரையில் ஓர் ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தால் செலவு சிறிது, பயன் பெரிது. அது நடைக்கு ஈடாகாதெனினும், நாள் முழுதும் இருளில் அமரும் நிலையை மாற்றும். இழை பார்க்கும் கண்ணுக்கும் இதம் தரும்.

சங்கம் செய்யத்தக்கது

தனியொருவராற் கடினமாவது பலர் கூடினால் எளிதாகும் என்பதே கூட்டுறவின் அடிப்படை. புகை துறக்கும் முயற்சிக்கும் இது முற்றிலும் பொருந்தும். காலையில் தனியாக நடப்பவர் மூன்றாம் நாள் படுக்கையிலேயே கிடந்துவிடுவார். வாயிலில் நின்று இருவர் அழைத்தால் எழுந்து வருவார். ஆதலின் ஒவ்வொரு சங்கமும் புகையை விட விரும்பும் அங்கத்தினர்களைக் கேட்டறிந்து, ஐந்தாறு பேர் கொண்ட காலை நடைக் குழுக்களை அமைக்கலாம். சங்கக் கட்டிட வாயிலிற் கூடி, ஏரிக்கரை வரை சென்று திரும்பினால் போதும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. பதிவாளரின் அனுமதியும் வேண்டியதில்லை. பெயரை எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகமும், அழைத்துச் செல்ல ஆர்வமுள்ள ஓர் இயக்குநரும் இருந்தாற் போதும்.

மிச்சமாகும் பீடிப் பணத்தை அங்கத்தினர் பெயரில் சேமிப்புக் கணக்கில் வாரந்தோறும் கட்டச் செய்யலாம். பணம் கண்ணுக்குத் தெரிய வளருவது மனத்திற்கு ஊக்கம் தரும். வீட்டிலுள்ள பெண்டிரும் பிள்ளைகளும் அக்கணக்கின் காவலராவர். சங்க அலுவலகத்திலும் கிடங்கிலும் புகைத்தல் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின்கீழ், 2008 அக்டோபர் 2 முதல் பணியிடங்கள் உள்ளிட்ட பொது இடங்கள் யாவற்றிற்கும் பொருந்துமாறு அத்தடை நடைமுறைக்கு வந்தது. கூலி வழங்கும் நாளில் சங்கத் தாழ்வாரத்தில் அது எந்த அளவுக்குக் காக்கப்படுகிறது என்பதை நிர்வாகக் குழுவினர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வாராக.

பண்டக சாலை நடத்தும் சங்கங்கள் பீடி, சிகரெட்டை விற்காதிருத்தல் வேண்டும் என்பதையும் இங்கு வலியுறுத்துகிறோம். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் பலர் உள்ளிட்ட முன்னோடிகள் வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் கொண்டு முதற் கடையைத் திறந்தனர். சில மாதங்களிலேயே தேயிலையையும் புகையிலையையும் சேர்த்துக்கொண்டனர். அன்று அதன் தீங்கை எவரும் அறியார். சிகரெட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்னும் இருவர் அதே நாட்டில் எடுத்துக்காட்டியது 1950-இல். கலப்படமற்ற நல்ல பொருளையே அங்கத்தினர்க்குக் கொடுப்பது என்ற ராச்டேல் நெறியை, அறிந்தபின் நிற்கும் நாம் இன்னும் சற்று விரித்துக் கொள்வதே பொருத்தம்.

பீடி சுற்றிப் பிழைக்கும் தொழிலாளர் கதி என்னவாகும் என்று கேட்போர்க்கும் கூட்டுறவு வரலாறே விடை கூறுகிறது. 1969-இல் கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் அமைத்த கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கம், பீடியின் விற்பனை குறையத் தொடங்கியபோது உணவுப் பொருள்கள், குடைகள், ஆடைகள் முதலிய வேறு தொழில்களில் இறங்கிற்று. தொழிலாளியைக் காப்பதும் நுகர்வோனைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல; திட்டமிட்டால் இரண்டும் கூடும்.

புகையை விட்ட 20 நிமிடத்தில் நாடித்துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. ஒரு நாளுக்குள் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பான அளவுக்கு வருகிறது. இரண்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் இரத்த ஓட்டமும் நுரையீரலின் ஆற்றலும் தேறுகின்றன. ஓராண்டில் இதயநோயின் அபாயம், தொடர்ந்து புகைப்பவருக்கு உள்ளதிற் பாதியாகிறது. பத்தாண்டில் நுரையீரற் புற்றுநோயால் இறக்கும் அபாயமும் ஏறக்குறையப் பாதியாகிறது. ஐம்பது வயதினரும் அறுபது வயதினரும் “இனி விட்டென்ன பயன்?” என்று கூற இடமில்லை.

நான்கு வாரங்கள் கடினமானவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நான்கு வாரங்களின் இருபத்தெட்டு விடியல்களையும் பீடிக்குக் கொடாமல் வெயிலுக்குக் கொடுக்க முடியுமாயின், எஞ்சிய நாட்கள் அங்கத்தினருடையனவாகும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்த்து, குழுவுக்குப் பெயர் கொடுப்போரின் பட்டியலை அன்றே தொடங்குமாறு தலைவர்களையும் இயக்குநர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.